பன்னிரண்டு பெருக்கல் நான்கு

ஒரகடத்தில் மாலை நேரத்தில் நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல், வீட்டில் யாராவது ஒருவர் ‘கம்பெனிக்கு’ப் போகிறவர். அதனால் ஏழாம் வகுப்பின் நேர் விகிதம், எதிர் விகிதத்துக்குப் பேனா விலையை எடுப்பதில்லை, கூலன்ட்டை எடுப்பேன். சி.என்.சி. மெஷினில் ஊற்ற, ஒரு லிட்டர் ஆயிலுக்கு 20 லிட்டர் தண்ணீர் கலப்பது பரவலான வழக்கம். மூன்று லிட்டர் ஆயிலுக்கு எவ்வளவு தண்ணீர்?

“இருபத்திரண்டு!”

ஆயில் இரண்டு கூடியது, தண்ணீரும் இரண்டு கூடட்டும் என்கிற நியாயம். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் கார்ப்ளஸ் 1970-களில் இதைத்தான் ஆராய்ந்தார். குட்டையன் உயரம் 4 பட்டன், நெட்டையன் 6 பட்டன். அதே குட்டையனைப் பேப்பர் கிளிப்பால் அளந்தால் 6. நெட்டையன்? 9 என்று வரவேண்டும்; 8 என்றே பல பிள்ளைகள் சொன்னார்கள். கூட்டலிலிருந்து பெருக்கலுக்கு மனசு தாவ நாளாகும். ஆனால் 1-20, 2-40, 3-60 என்று அட்டவணை போட்டுப் பழகினால் தாவிவிடும்.

அதன் பிறகு வருவதுதான் பெரிய வம்பு. பெருக்கப் பழகிய பிள்ளை எதைப் பார்த்தாலும் பெருக்கும். பெரியவர்களும் அப்படித்தான். 2023 ஏப்ரல் 21-ல் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, 12 மணி நேர வேலைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டது அசல் எதிர் விகிதக் கணக்கு: 8 × 6 = 48, 12 × 4 = 48. வாரத்துக்கு அதே நேரம், மூன்று நாள் லீவு. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்க, மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ்.

இதை வகுப்பில் போட்டேன். பெருக்கல் சரி என்றார்கள். எட்டு மணி நேரத்தில் 400 பீஸ் என்றால் பன்னிரண்டில்? “அறுநூறு.” ஒரு பையன் மட்டும், “கடைசி நாலு மணி நேரம் கை ஓடாது சார்” என்றான். ‘ஒரே வேகத்தில் வேலை செய்தால்’ என்று கணக்கில் ஒரு மூலையில் நிற்கும் சொற்களை அவன் ஒருவன்தான் தேடிப்போனான்.

அன்றிலிருந்து நோட்டில் மூன்று பத்தி: நேர், எதிர், இரண்டும் இல்லை. மூன்றாவதுதான் சீக்கிரம் நிரம்புகிறது. வயதும் உயரமும், பஸ் டிக்கெட்டும் தூரமும், ஒருத்தி எழுதியது: ‘கம்பெனி லாபமும் அப்பா சம்பளமும்.’ ஓ.டி.யில்தான் சண்டை வந்தது. நாளுக்கு 9, வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டினால் இரட்டைச் சம்பளம் என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஆகவே வேலை நேரமும் சம்பளமும் ஒரே கோட்டில் போகாது, மூன்றாவது பத்தி என்றேன். அவள் ஒப்பவில்லை. தாண்டிய நேரத்தை மட்டும் தனியாக எடுத்தால், ஒரு மணிக்கு இவ்வளவு, இரண்டு மணிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. நேர் விகிதம்தானே சார்?

சரிதான். இரண்டு பத்தியிலும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.