கூரையேறிய கடல்

ஆனி, ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் ஆளைத் தள்ளுகிற காற்று அரபிக்கடலிலிருந்து வருவது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு இடைவெளி விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நேரே நம் தென்னந்தோப்புக்குள் நுழைகிறது. மழையின் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வரும். கோழிக்கோட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. கோவைக்கு அதில் கால்பங்கு கூடக் கிடைப்பதில்லை. ஆனால் காற்றும் குளிர்ச்சியும் குறைவில்லாமல் கிடைக்கின்றன.

அதனால் கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் அப்புச்சி வீட்டின் கூரையிலேயே கடல் இருக்கிறது. அது வந்த தடத்தைப் பார்க்கத்தான் போத்தனூரில் ரயில் ஏறினேன்.

இந்த ரயில் பாதையே கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு ஏறி வந்ததுதான். 1861-இல் பேப்பூர் துறைமுகத்திலிருந்து திரூர் வரை வண்டி ஓடியது. அடுத்த ஆண்டே தண்டவாளம் போத்தனூரைத் தொட்டது.

வண்டி கிளம்பிய சிறிது நேரத்தில் மதுக்கரை. 1934-இல் இங்கே சிமென்ட் ஆலை வந்ததற்குக் காரணம் சுற்றியிருக்கும் சுண்ணாம்புப் பாறை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஏதோ ஒரு கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பு, பூமிக்குள் அழுந்தி வெந்து பளிங்காக இறுகியிருக்கிறது. அதை உடைத்துச் சுட்டு அரைத்த சிமென்டில்தான் கோவையின் எத்தனையோ மில்களும் வீடுகளும் எழுந்தன.

வாளையாறு தாண்டியதும் பச்சை கூடுகிறது, கூரைகளின் சரிவும் கூடுகிறது.

ஃபரோக்கில் இறங்கினால் சாலியாறு. ஆற்றங்கரையின் களிமண்ணும் படகுப் போக்குவரத்தும் சேர்ந்து இந்த வட்டாரத்தை ஓட்டு ஆலைகளின் ஊராக்கின. இந்தத் தொழிலின் தொடக்கம் மங்களூர். அப்புச்சி வீட்டு ஆசாரத்தில் ஓடு மாற்றியபோது ஒன்றைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கத்தில் ஆலையின் பெயரும் 1865 என்ற ஆண்டும் புடைத்து நின்றன. பேசல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு அது. பின்னால் ஒரு குமிழ். அது ரீப்பர் கட்டையில் மாட்டிக்கொள்ளும். ஓரத்தில் ஒரு வரப்பும் ஒரு பள்ளமும். பக்கத்து ஓடு அதில் வந்து பூட்டிக்கொள்ளும். நாட்டு ஓட்டை இரண்டு, மூன்று அடுக்காகப் பரப்ப வேண்டும். இதை ஒரே அடுக்காக வேய்ந்தால் போதும். கூரையின் பாரம் குறைகிறது. சாய்ந்தடிக்கும் கடலோர மழையை உள்ளே விடாத அதே பூட்டின் இண்டு இடுக்கில் சூடான காற்று மேலே கசிந்து போய்விடும். கடற்கரை தன் மழைக்காகச் செய்துகொண்டதை நாம் வெயிலுக்காக வாங்கி வந்தோம்! இதைவிடப் பொருத்தமான கூரை கொங்குச் சீமைக்கு வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அதை இறக்கிவிட்டுத் தளம் போடுவதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை.

சாலியாறு கடலில் கலக்கும் இடம் பேப்பூர். 'உரு' என்னும் பெரிய மரக்கப்பல்களுக்குப் பேர்போன ஊர். வரைபடம் எதுவும் இல்லாமல் மேஸ்திரியின் மனக்கணக்கிலேயே கப்பல் எழும். ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது நிலம்பூர். 1840-களில் கலெக்டர் கனோலி காலத்தில் தேக்குத் தோட்டம் போட்ட ஊர். அங்கே வெட்டிய மரங்கள் ஆற்றிலேயே மிதந்து கடற்கரைக்கு வந்தன. கப்பலின் விலாவுக்கும் வீட்டின் உத்தரத்துக்கும் ஒரே காடுதான்.

பேப்பூரில் கடலுக்குள் நீளும் கல் அணையில் நடந்தேன். காற்று சட்டையைப் பிய்த்தது. இதே காற்று போய்ச் சேரும் கிணத்துக்கடவில் என் தம்பி வீடு கட்டப்போகிறான். வெயிலுக்குப் பயந்து மேற்குச் சுவரில் ஒரு சன்னல் கூட இல்லாமல் பிளான் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்தே அவனுக்குப் போன் செய்தேன். மேற்கே தாழ்வாரம் இறக்கி ஓடு வேய்ந்து, அதன் நிழலில் இரண்டு பெரிய சன்னல் வைக்கச் சொன்னேன். "செலவு கூடுமேண்ணா" என்றான். கூடட்டும், ஏசி வாங்கும் காசில் கழித்துக்கொள் என்றேன். இஞ்சினியரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.