மாப்பிள்ளையோடு இரண்டு நாள்: பிரிக்பீல்ட்ஸ் முதல் நண்டுத் தீவு வரை

‘பேச்சலர் பார்ட்டி’க்கு நம்மிடம் இன்னும் ஒரு நல்ல பெயர் இல்லை. பரிசம் உண்டு, நலுங்கு உண்டு, மாப்பிள்ளை அழைப்பு உண்டு. அவற்றில் எல்லாம் பெரியவர்கள் இருப்பார்கள். கூட்டாளிகள் மட்டும் சேர்ந்து, கல்யாணத்துக்குச் சில வாரம் முன்னால் மாப்பிள்ளையைச் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குக் கூட்டிக்கொண்டு போவது புதுப் பழக்கம். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே அம்மாக்களின் முகம் மாறுகிறது. காரணம் இல்லாமல் இல்லை.

பழக்கம் வந்த வழி பிரிட்டன். அங்கே இதற்கு ‘ஸ்டாக் டூ’ என்று பெயர். ஸ்டாக் என்றால் கலைமான். நியூகாசல், லிவர்பூல், பிரிஸ்டல் போன்ற நகரங்களில் வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் வந்து இறங்கும் இளைஞர் கூட்டங்களில் ஒன்றிரண்டு இந்த மான் கூட்டமாக இருக்கும். மாப்பிள்ளைக்கு வேடிக்கையான உடுப்பு மாட்டிவிடுவார்கள். ஏற்பாடு முழுக்க ‘பெஸ்ட் மேன்’ எனும் தோழனின் தலையில். தங்குமிடம், கார் பந்தயம், மதுக்கூட வரிசை எல்லாவற்றையும் சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்று விற்கும் நிறுவனங்களே அங்கு உண்டு.

எங்கள் குழுவில் ஒருவன் அங்கே சட்டம் படித்துவிட்டு வந்தவன். ஐப்பசியில் ஒரு கூட்டாளிக்குக் கல்யாணம் என்றதும் முதல் திட்டத்தை அவன்தான் போட்டான்: நீச்சல் குளத்தோடு வாடகை பங்களா, சாங்காட் புக்கிட் பிந்தாங்கில் ஓர் இரவு, மறுநாள் கோ-கார்ட். மாப்பிள்ளையை விட்டுவிட்டு மற்ற ஏழு பேருக்கும் தலைக்கு 750 வெள்ளி. வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் படங்கள் குவிந்தன. ஒருவன் மட்டும் எதுவும் போடவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எங்களோடு படித்தவன். இப்போது லாரி ஓட்டுகிறான். இரண்டு நாள் கழித்து, “அந்த வாரம் எனக்கு வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்கடா” என்று எழுதினான்.

வேலை இருந்திருக்கலாம். ஆனால் 2025 பிப்ரவரியிலிருந்து இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு வார இறுதிக்கு 750 என்றால் அதில் பாதியை நெருங்குகிறது. இதற்கு மேல் கல்யாணத்துக்கு மொய் வைக்க வேண்டும், வரப்போகும் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். குழுவில் எல்லோரும் பார்க்க “எனக்குக் கட்டுப்படி ஆகாது” என்று எழுத யாருக்கு மனம் வரும்?

மாப்பிள்ளை எனக்குப் போன் போட்டான். “மச்சான், அவன் வராட்டி எனக்கு இது வேணாம்டா.” பொறுப்பு என்னிடம் வந்தது இப்படித்தான்.

நான் முதலில் செய்தது ஒன்றே ஒன்று. ஏழு பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பி, அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று கேட்டேன். பதில்களில் எது குறைவோ அதுவே திட்டத்தின் தொகை. யார் எவ்வளவு சொன்னார் என்பது வெளியே போகாது. அந்தத் தொகை 250 வெள்ளி. மாப்பிள்ளையிடமும் தனியாகக் கேட்டேன். அவன் சொன்னது இரண்டு: மணப்பெண்ணிடம் காட்ட முடியாத படம் எதுவும் இருக்கக் கூடாது, தன் கையில் யாரும் கிளாஸைத் திணிக்கக் கூடாது. அவன் அப்பா குடியால் போனவர். மற்றவர்கள் குடிப்பதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை, வற்புறுத்தல்தான் வேண்டாம் என்றான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எல்லோருக்கும் விடுமுறை ஒத்துவந்தது புரட்டாசி மாதத்தில். எட்டுப் பேரில் இரண்டு பேர் மாதம் முழுக்க சைவம். சீன நண்பர் ஒருவர். நண்டு என்றால் உயிர். இவர்களை எல்லாம் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். காரே இல்லாமல், குடித்தவன் யாரும் ஸ்டீயரிங்கைத் தொடாமல், எல்லாம் நடக்க வேண்டும். வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, கேஎல் சென்ட்ரலிலிருந்து போர்ட் கிள்ளான் வரை போகும் கொமுட்டர் பாதையிலேயே எல்லாம் இருந்தது.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ். மாப்பிள்ளை காலையிலேயே அம்மாவோடு கிள்ளான் பெருமாள் கோயிலுக்குப் போய், புரட்டாசிச் சனிக் கூட்டத்தில் நின்று, நாமத்தோடு வந்து சேர்ந்தான். வாழை இலை சாப்பாடு. யானைச் சிலைகள் உள்ள நீரூற்று அருகே ஒரு படம். இந்த ‘லிட்டில் இந்தியா’ அலங்காரமெல்லாம் 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தது. என்னைக் கேட்டால், வளைவுகளையும் வண்ணத் தூண்களையும் தாண்டி உள் சந்துகளில்தான் பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது.

பெயரே கதை சொல்லும். 1881ல் கோலாலம்பூரை நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தபின், அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதில் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய நிர்வாகம் சொன்னது. அந்தச் செங்கற்களைச் சுட்ட காளவாய்கள் இங்கே இருந்தன. பிறகு ரயில்வே வந்தது. பட்டறையும் குடியிருப்புமாக, தமிழர், இலங்கைத் தமிழர், மலையாளிகள் என்று ஊர் நிரம்பியது. 1905 வாக்கில் கட்டிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசைகளைச் சிறுவயதில் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. இன்று அவை இல்லை. பழைய ரயில் தளத்தின் மேல்தான் 2001ல் திறந்த கேஎல் சென்ட்ரல் நிற்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் கூட்டாளிகள் இருவர் பஸ் மாறி வந்து இறங்கியதும் அங்கேதான்.

சாப்பாட்டுக்குப் பின் மூன்று பேர் உடம்பு பிடித்துவிடும் கடைக்குப் போனார்கள். பிரிக்பீல்ட்ஸில் இது சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய விஷயம் இல்லை. 1951ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இயங்குகிறது. நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் மேட்டுக் கோடுகள் வெள்ளைக் கைத்தடிக்காரர்களுக்கானவை. பயிற்சி பெற்ற பார்வையற்றவர்கள் பிடித்துவிடும் கடைகள் பல இருக்கின்றன. லாரிக்காரனின் தோளைத் தொட்டதுமே அந்த அண்ணன், “தம்பி கனரக வண்டியா?” என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லியே அன்று மாலை போனது. மஞ்சள் கோட்டின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தாதீர்கள், தயவு செய்து.

மாலை ஒரு மணி நேரம் ஃபுட்சால் மைதானம், பக்கத்துக்கு நான்கு பேர். வக்கீல் மூச்சு வாங்கினான். இரவு, தங்கிய ஓட்டலுக்கு நடந்து போகும் தூரத்தில் சாப்பாடு. பீர் குடிப்பவர்கள் குடித்தார்கள். மற்றவர்கள் தே தாரிக். வண்டிச் சாவி ஒருவரிடமும் இல்லை. இதை நான் விடாப்பிடியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 2020 அக்டோபர் 23 முதல் நடப்பில் உள்ள சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தப்படி, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மதுவின் வரம்பு 80 மில்லிகிராமிலிருந்து 50க்கு இறங்கிவிட்டது. போதையில் ஓட்டி ஓர் உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். கல்யாணத்துக்கு முதல் மாதம் மாப்பிள்ளையின் தோழன் லாக்கப்பில் இருந்தால் மேடையில் யார் நிற்பது? மதுவைப் பற்றி இன்னும் ஒன்று. பெயர் தெரியாத மலிவுப் பாட்டில் வேண்டவே வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் செத்தது மறந்துவிடக்கூடிய செய்தி அல்ல.

ஞாயிறு காலை கொமுட்டர். கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும், குறையும். கட்டணம் பத்து வெள்ளித் தாளில் மீதி வரும். இந்தத் தடத்தில் முதல் ரயில் ஓடியது 1886ல். அப்போது பாலம் இல்லாததால் கிள்ளான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் புக்கிட் கூடாவிலேயே பாதை நின்றுவிட்டது. நாங்கள் ஆற்றைத் தாண்டி இறங்கினோம். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தெங்கு கெலானா சாலை. தீபாவளிக் கடைகள் போட ஆரம்பித்திருந்தார்கள். முறுக்கு வாசனை, துணிக்கடைப் பாட்டு, பூக்கடை ஈரம். பிரிக்பீல்ட்ஸ் வெளியூர்க்காரர்களுக்கு அலங்கரித்த தெரு என்றால், இது நம்மவர்கள் சாமான் வாங்கும் தெரு. சீன நண்பர் மட்டும் பக் குட் தே தேடிப் போனார். கிள்ளான் துறைமுகக் கூலிகளின் உணவாக வளர்ந்தது என்று சொல்லப்படும் அந்தப் பன்றி எலும்புச் சாறு, 2024ல் தேசியப் பாரம்பரிய உணவுப் பட்டியலில் சேர்ந்தது. நாங்கள் தோசை. குழுவில் மலாய் நண்பர் இருந்தாலும் இப்படிப் பிரிந்து சாப்பிட்டுக் கோத்தா பாலத்தடியில் சேரலாம். 1950களின் இறுதியில் கட்டிய இரண்டடுக்குப் பாலம் அது. மேல்தளம் வண்டிகளுக்கு, கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அன்று அமைத்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து ஆற்றைப் பார்ப்பது தனிச் சுகம்.

மறுபடி ரயில். நான்கு சின்ன நிலையங்கள் தாண்டினால் கடைசி நிலையம் போர்ட் கிள்ளான். அங்கிருந்து நடந்தால் படகுத்துறை. சதுப்புநிலக் காட்டுக்கு நடுவே படகு போய்ச் சேரும் இடம் பூலாவ் கெத்தாம், அதாவது நண்டுத் தீவு. சேற்றின் மேல் கால் ஊன்றி நிற்கும் சீன மீனவர் வீடுகள், பலகையும் சிமெண்டுமான குறுகிய நடைபாதைகள். கார் கிடையாது, சைக்கிள்தான். எட்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம்.

அங்கே எனக்கு ஒரு நினைப்பு வந்தது. 1941 ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டவை பல: சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவது, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒழிப்பது. தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். மாப்பிள்ளையின் கொள்ளுத் தாத்தா இந்த வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர். அவன் எனக்கு முன்னால் மணியடித்துக்கொண்டு, யாருக்கும் இறங்காமல், ஒரு கோழிக்கு மட்டும் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

மதியம் கடல் உணவு. சீன நண்பர் சமையல்காரரிடம் ஹொக்கியனில் பேசி, சைவக்காரர் இருவருக்கும் பெலாச்சான் போடாமல் தனிச் சட்டியில் கீரையும் தோஃபுவும் வாங்கிக் கொடுத்தார். அவர் தின்ற நண்டுக்குக் கணக்கே இல்லை. எங்கள் பட்ஜெட்டில் கொஞ்சம் இடித்தது அது ஒன்றுதான். விலையை எடைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும், இறங்கியதும் நேரத்தை விசாரிப்பது முக்கியம்.

படகுத்துறையில் காத்திருந்தபோது லாரிக்காரனும் மாப்பிள்ளையும் தனியாக உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவன் எங்களில் முதலில் கல்யாணம் முடித்தவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. வாடகை வீடு, மாமியார், மாதக் கடைசி எல்லாம் பார்த்தவன். சாங்காட்டில் இருந்திருந்தால் அந்தச் சத்தத்தில் இந்தப் பேச்சு நடந்திருக்காது.

கணக்கு முடித்தபோது ஏழு பேருக்கும் தலைக்கு 241 வெள்ளி வந்தது. மாப்பிள்ளையின் பங்கும் அதில் அடக்கம். மீதி ஒன்பது வெள்ளியை அவரவருக்குத் திருப்பி அனுப்பினேன். சிங்கப்பூர்க்காரர்கள் வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை, அனுப்பிவிட்டேன்.

தை மாதம் சிங்கப்பூர்க்காரர்களில் ஒருவனுக்குக் கல்யாணம். இந்த முறை பொறுப்பை வக்கீல் கேட்டு வாங்கிக்கொண்டான். நேற்று இரவு அவனிடமிருந்து எனக்குத் தனிச் செய்தி வந்தது: “மச்சான், உன்னால எவ்வளவு முடியும்?”