மூன்றாவது மிதி



மணமேல்குடியில் எங்கள் அத்தாவிடம் ஒரு மீன் வண்டி இருந்தது. விடியற்காலையில் மீன் ஏற்றிக்கொண்டு அறந்தாங்கிக்குச் செல்லும். அண்ணன் தம்பி இருவரும் அதில்தான் வண்டி ஓட்டக் கற்றோம். கிளட்சைச் சற்று அவசரமாக விட்டாலும் பெட்டிகளில் உள்ள ஐஸ் குலுங்கும். அத்தா திரும்பிப் பார்ப்பார்; ஒன்றும் சொல்லமாட்டார். அந்தப் பார்வைக்கு அஞ்சியே, எஞ்சினின் ஒலியைக் கேட்டுக் கியர் மாற்றப் பழகினோம்.

பின்னர் பிழைப்புக்காகத் துபாய் சென்றோம். ஒரே வீட்டில் இருவருக்கும் ஓட்டுநர் வேலை. அங்கிருந்த வண்டிகள் யாவும் தானாகவே கியர் மாறுபவை. இடக்காலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

2018ஆம் ஆண்டு முதலாளி ஒரு போர்ஷே 911 ஜிடி3 வாங்கினார். பந்தயத் தளத்தை மனத்தில் கொண்டு கட்டப்பட்ட வண்டி. 4 லிட்டர் எஞ்சின், 500 குதிரைத்திறன், நிமிடத்திற்கு 9,000 சுழற்சிவரை ஏறும். கதவைத் திறந்து உள்ளே பார்த்த நாங்கள் வியந்து நின்றோம். கீழே மூன்று மிதிகள் இருந்தன!

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2013இல் வந்த ஜிடி3யில் தானியங்கி கியர் மட்டுமே இருந்தது. ஆர்வலர்கள் மனம் வருந்தினர். 2016இல் கையால் கியர் மாற்றும் 911 ஆர் என்னும் வண்டியை 991 மட்டுமே செய்து அந்நிறுவனம் விற்றது. மறு ஆண்டே ஜிடி3யிலும் அந்தக் கியர் திரும்பி வந்தது. இத்தனைக்கும் தானியங்கி வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தை 3.4 விநாடியில் எட்டும். கையால் மாற்றுவதற்கோ 3.9 விநாடி ஆகும். வேகத்திற்காகவே பெரும்பணம் கொடுப்பவர், மெதுவானதை ஏன் விரும்பிக் கேட்க வேண்டும்?

விடை பந்தயத் தளத்தில் கிடைத்தது. குளிர்காலத்தில் முதலாளி துபாய் ஆட்டோட்ரோமுக்குச் செல்வார். டயர்களையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு நாங்களும் உடன் செல்வோம். வளைவு நெருங்கும்போது வலக்காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்த, அதே காலின் ஓரம் ஆக்ஸிலரேட்டரைத் தட்ட, இடக்கால் கிளட்சை மிதிக்க, வலக்கை கியரைக் கீழே இறக்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். தவறினால் பழிபோட இயந்திரம் இல்லை, கை நம்முடையது. அந்தக் கணத்தில் கைபேசிக்கும் இடமில்லை, கடன் கவலைக்கும் இடமில்லை. தொழுகையில் இந்தக் கவனம் நமக்கு வாய்த்ததுண்டா என்று அன்றிரவு எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஆனால், பேசியவர்களே தவறினோம்.

கோடையில் முதலாளி குடும்பத்துடன் வெளிநாடு சென்றார். வாரம் ஒருமுறை எஞ்சினை இயக்கி, வளாகத்திற்குள் சற்று உருட்டி வைக்கும்படி சொல்லிச் சாவியைத் தந்தார். ஒருநாள் சுபுஹுக்கு முன் எங்களில் ஒருவர் அதை வெளியே எடுத்தார். மற்றவர் தடுக்காமல் பக்கத்தில் அமர்ந்தார். ஓட்டியவர் யார் என்று இங்கே எழுதவில்லை. குற்றத்தில் இருவருக்கும் பங்கு உண்டு. பதினெட்டு கிலோமீட்டர். மீன் வண்டியில் பழகிய கால், கிளட்சை மறக்கவில்லை. அவ்வளவு இன்பமாக வேறெதையும் நாங்கள் ஓட்டியதில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. வண்டியில் கீறல்கூட விழவில்லை. ஆனால் பள்ளிவாசலில் சுபுஹுக்குத் தக்பீர் கட்டியபோது, அத்தா திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). சாவியை ஒப்படைத்தால் போதுமா? அந்தப் பதினெட்டு கிலோமீட்டரையும் ஒப்படைக்க வேண்டாமா? முதலாளி திரும்பியதும் இருவரும் சென்று சொல்லிவிட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆயினும் அங்கிருந்த எஞ்சிய மூன்று ஆண்டுகளில் அந்தச் சாவியை அவர் எங்களிடம் மீண்டும் தரவேயில்லை. அவர் செய்தது நியாயமே.

வேகத்தை விரும்புவதை மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரம். ஓட்டத்திற்கு இடமும் எல்லையும் தகுதியும் வகுத்தார்கள். எவரும் முந்த முடியாதிருந்த அவர்களுடைய ‘அள்பா’ என்னும் ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் வருந்தினர். உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று அவர்கள் உணர்த்தினார்கள். இரண்டும் புகாரீயில் பதிவாகியுள்ளன.

இப்போது ஊரில் சொந்தமாக ஒரு வேன் ஓட்டுகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் சீறிச் செல்வதைக் காணும்போது கோபம் வருவதில்லை; அச்சமே வருகிறது. அந்த ஆசை எங்களுக்கும் தெரியும். பிள்ளைகளே, ஓட்டத்திற்கென்று சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் தளங்கள் இருக்கின்றன. இந்தச் சாலையோ மதரஸாவுக்குச் செல்லும் குழந்தைக்கும், மீன்கூடை சுமக்கும் தாய்க்கும் உரியது. அதுவும் நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

மூன்றாவது மிதியின் இன்பம், எல்லாம் நம் பொறுப்பில் இருப்பதே. அதற்கான கேள்வியும் நம்மிடமே கேட்கப்படும். அந்நாளில் தயங்காமல் விடை சொல்லும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.