அப்பாவுக்கு ஒரு குண்டுப் பேனா

போன தடவை சுவர்ப் பத்திரிகையில் எல்லாரும் கவிதை எழுதினீங்க. எனக்குக் கவிதை வராது. அதனால் நான் செய்த பேனாவைப் பற்றி எழுதுகிறேன்.

எங்க அப்பா ஏரியில் இறால் பிடிக்கிறவர். வலை இழுத்து இழுத்து விரல் காய்ச்சுப் போய் சரியா மடங்காது. அஞ்சு ரூபாய் பேனா அவர் கையில் நிற்காமல் வழுக்கும். ஒரு பேங்கில் கையெழுத்து ஒத்துப் போகலைன்னு ரெண்டு தடவை ஃபாரத்தைத் திருப்பிட்டாங்க. மூணாவது தடவை, "கைநாட்டு வெச்சிடுங்களேன்"னு சொன்னாங்களாம். அப்பா அஞ்சாவது வரை படிச்சவர். அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை.

எங்க மாமா பொன்னேரியில் கட்டில் கால் கடையும் பட்டறையில் இருக்கிறார். அங்கே கதவு மேல் ஒட்டும் வெனீர் மரத்தாளில் மிச்சத் துண்டுகள் கிடக்கும். ஒரு தாள் அரை மில்லிமீட்டர் கனம்தான். கருப்பும் வெளுப்புமா 36 துண்டு அடுக்கி, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கினால் 18 மில்லிமீட்டர் கட்டை ஆகிவிடும். பிளைவுட்டில் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமா வைப்பாங்க. நாங்க எல்லா ரேகையும் நீளவாக்கில் வைத்தோம். நடுவில் ஆறு தாளை மட்டும் ரெண்டா கிழித்து இடைவெளி விட்டு, மெழுகு தடவிய கம்பியை வைத்தோம். அதுதான் ரீஃபில் போகிற வழி. துளையே போட வேண்டாம். இது என் ஐடியா!

ஆனா எனக்கு அவசரம். மழைக்காலம், காத்தெல்லாம் ஈரம். மறுநாள் காலையிலேயே, "காய்ஞ்சிடுச்சு மாமா, கடையுங்க"ன்னு நச்சரிச்சேன். உளி பட்டதும் கட்டை படீர்னு பிரிஞ்சு, ஒரு சில்லு மாமாவின் புருவத்தில் அடிச்சு ரத்தம் வந்துடுச்சு. கண்ணுக்கும் அதுக்கும் ஒரு விரல்தான் தூரம். உடைஞ்சதைப் பார்த்தா உள்ளே பசை இன்னும் பால் மாதிரி வெள்ளையா இருந்தது. மாமா திட்டவே இல்லை. "இன்னா பாப்பா அவசரம்"னு மட்டும் கேட்டார். அதுக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். ராஜமுந்திரியில் கையால் கடைந்த ரத்னம் பேனாவைப் பாராட்டி 1935-லேயே காந்தி கடிதம் எழுதினார் என்றும், நம்ம திருவள்ளூரிலேயே ரங்கா பேனா கையால் செய்கிறார்கள் என்றும் சொன்னாங்க. அதெல்லாம் எபொனைட்டாம், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். நம்மோடது மரம்.

அடுத்த கட்டையை நாலு நாள் தொடவே இல்லை. அப்புறம் மாமா கடைந்தார், நான் உப்புத்தாள் போட்டேன். வளைவு வர வர உள்ளே இருந்த அடுக்குகள் கோடு கோடா வெளியே வந்தன. ஏரித் தண்ணி வத்தும்போது கரையில் விழுமே, அதே மாதிரி. விரல் பிடிக்கிற இடத்தை நல்லா குண்டாவே விட்டோம்.

அப்பா தினமும் ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுப் பார்க்கிறார். திங்கட்கிழமை பேங்குக்குப் போகிறார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோட்டைக்குப்பம்