ஓடி நிற்கும் யந்திரம்

உதகமண்டலத்தில் 1848-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞரின் கையால் உருப்பெற்ற தாவரவியல் பூங்காவின் புல்வெளிகளைக் கண்டு வியக்காத யாத்திரிகர் இல்லை. ஆனால், அந்த ஊரின் பங்களாக்களிலும் விடுதிகளிலும் விரிந்து கிடக்கும் புல்தரைகளை ஓயாமல் வெட்டிச் சமன் செய்யும் யந்திரங்கள் பழுதுபட்டால் அவற்றைச் சீர்செய்து கொடுப்பவர் யார் என்று விசாரித்தவர் மிகச் சிலரே. அந்த விசாரணைதான் என்னைக் கடைவீதிக்குக் கீழே, மலைச் சரிவில் தகரக் கூரை வேய்ந்த ஒரு பட்டறைக்குக் கொண்டு சேர்த்தது.

தேயிலைக் கவாத்து யந்திரங்களும், கேரட் தோட்டத்துப் பம்புகளும், மருந்து தெளிக்கும் ஸ்பிரேயர்களும் சுவரோரம் வரிசையாகக் காத்திருக்க, நடுவே ஒரு புல்வெட்டும் யந்திரத்துடன் நின்றிருந்தார் ஒரு விடுதியின் தோட்டக்காரர்.

“அண்ணே, நல்லா ஸ்டார்ட் ஆகுது. பாதித் தரை வெட்டுறதுக்குள்ள நின்னுடுது. வேற எடத்துல பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டரும் கழுவியாச்சு.”

மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவில்லை. “நிக்கும்போது எப்படி நிக்குது தம்பி? சுவிட்சை அணைச்ச மாதிரி டக்குன்னு நிக்குதா, இல்ல ஏறி எறங்கி, மூச்சு வாங்கி நிக்குதா?” என்று கேட்டார்.

“ஏறி எறங்கித்தாண்ணே. ஒடனே இழுத்தா வராது. டீ குடிச்சிட்டு வந்து இழுத்தா ஒரே இழுப்பு.”

இந்த இரண்டு வினாக்களின் அருமை எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று. மின்பொறியை உண்டாக்கும் காயில் சூடேறிச் செயலிழந்தால் எஞ்சின் சட்டென்று ஓய்ந்துவிடும். பெட்ரோல் போதாமல் போனாலோ, அது வேகம் குறைந்தும் கூடியும் தத்தளித்து, சிறிது சிறிதாகவே அடங்கும். அறவே ஓடாத எஞ்சினின் குற்றம் எந்நேரமும் அதனிடத்திலேயே இருப்பதால் தேடுவோருக்குச் சிரமம் குறைவு. ஓடி நிற்கும் எஞ்சினின் குற்றமோ, அது நிற்கும் அந்தச் சில விநாடிகளில் மட்டுமே பிரத்தியட்சமாகி, மேஜை மீது ஏற்றிப் பிரித்துப் பார்க்கும்போது மறைந்துவிடுகிறது. ஆகையால், பொறுமையின்றி உறுப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள் உடைமைக்காரரின் பணத்தைத்தான் செலவழிக்கிறார்களே அன்றி, பழுதின் அருகே போவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிளக்கைக் கழற்றியபோது அதன் முனையில் கரி அப்பியிருந்தது. பெட்ரோல் மிகுதியாகச் சென்று முழுதும் எரியாமல் போனால்தானே கரி படியும். பற்றாக்குறையால் நிற்கும் யந்திரத்தில் இது எப்படி வந்தது என்று கேட்டேன்.

“இந்தக் கரி நம்மள ஏமாத்தும் சார். இது மலைக் கரி” என்றார் அவர்.

கடல்மட்டத்துக்குச் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென்று அளவிட்டுத் துளையிடப்பட்ட கார்புரேட்டரின் ஜெட், காற்று குறைந்ததை அறியாமல் கிட்டத்தட்டப் பழைய அளவிலேயே பெட்ரோலை விடுவதனால் கலவை கனத்து, எஞ்சின் புகைந்து, பிளக் கறுக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 3.5 சதவிகிதம் சக்தி குறையும் என்று உற்பத்தியாளர்களின் கையேடுகளே சொல்லுகின்றன. இவ்வாறு, நேர் விரோதமான இரண்டு குறைகள் ஒரே எஞ்சினில் குடிகொண்டிருந்தன; ஒன்றின் அடையாளம் மற்றொன்றை மறைத்தது.

யந்திரத்தை முற்றத்தில் ஓடவிட்டு, கைகட்டிக்கொண்டு அதன் ஓசையையே கேட்டபடி நின்றார். வெகுநேரம் சீராக ஓடிய எஞ்சின் தடுமாறத் தொடங்கியதும் சோக்கைப் பாதி மூடினார். காற்று குறைந்து பெட்ரோலின் விகிதம் கூடவே, அது சற்றே உயிர்பெற்றது. பற்றாக்குறைதான் என்பது ருசுவாயிற்று. அடுத்த கணம் டாங்கின் மூடியைத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. எஞ்சின் தடுமாற்றம் நீங்கிப் பழைய சுருதியில் ஓடலாயிற்று.

பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று டாங்கினுள் வந்தாக வேண்டும். அதற்கென்று மூடியில் ஒரு நுண்ணிய துவாரம் உண்டு. புல்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை அடைத்திருந்தபடியால், உள்ளே அழுத்தம் குறைந்து, பெட்ரோல் கீழிறங்காமல் பிடித்துவைக்கப்பட்டது. தோட்டக்காரர் தேநீர் அருந்தும் நேரத்தில் இடுக்கு வழியே காற்று மெல்லக் கசிந்து புகுந்துவிட, யந்திரம் மறுபடி ஒரே இழுப்பில் கிளம்பிற்று. மெல்லிய கம்பியும் சிறிது பெட்ரோலுமே இதற்குப் பரிகாரமாயின.

பழைய டப்பா ஒன்றைத் துழாவி, துளை சிறியதான ஜெட் ஒன்றைத் தேர்ந்து, அதையும் அவர் பொருத்தினார். 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மயிரைக் கத்தரிக்கும் ஆலை யந்திரத்தைக் கண்டு புல்வெட்டும் யந்திரத்தை நிர்மாணித்தார் என்று சரித்திரம் கூறுகிறது. அவர் பெயரைக் காப்பாற்றிய உலகம், அவருடைய படைப்பின் வழிவந்த யந்திரங்களை நாள்தோறும் ஓடச்செய்யும் இத்தகையோரின் நுண்ணறிவைக் கூலி வேலை என்று தள்ளிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

புறப்படவிருந்த தோட்டக்காரரிடம் மெக்கானிக் விசேஷமாகச் சொன்னது மழைக்காலத்தைப் பற்றி. இப்போது விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. “மெஷினைச் சும்மா போட்டு வெக்கிறதா இருந்தா டாங்கைக் காலி பண்ணிட்டு, மிச்சம் தீர்ற வரைக்கும் ஓடவிட்டுருங்க தம்பி. கீழ தண்ணி தங்குச்சுன்னா ஜெட்டு களிம்பு புடிச்சுரும்” என்றார். அதையும் அவர் தொழிலின் ஓர் அங்கமாகவே கருதினார் போலும். அதற்கு மட்டும் அவர் கூலி கேட்கவில்லை.