அப்பாவின் கணக்கு என் பேரிலா?

ஹாஸ்டலில் பிறந்தநாள் பார்ட்டி என்றால் கோக் பாட்டிலோடு ஓரமாக உட்கார்ந்திருப்பவன் நான். 'சாமியார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நல்ல பிள்ளை என்பதால் இல்லை மக்களே, பயம். தாத்தா குடித்தே போனார். அப்பா இன்னும் குடிக்கிறார். 'அந்த ரத்தம்தானே இவனும்' என்று ஒரு கல்யாண வீட்டில் அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ரத்தத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தேடப் போனேன். (பி.காம். படிப்பவனுக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள்.)

குடிநோய் வருவதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரை காரணமாம். ஆனால் எல்லா மக்களுக்கும் ஒரே மாதிரி இல்லை. கிழக்காசியர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஏஎல்டிஎச்2 என்ற என்சைம் சரியாக வேலை செய்யாது. ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடக்கும். அதனாலேயே அவர்களில் குடிநோயாளிகள் குறைவு. நம்ம வீட்டுக்கு அது வாய்க்கவில்லை!

அடுத்தது எபிஜெனெடிக்ஸ். ஜீனைப் பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய பதிவு மாறாது. ஆனால் ஓரத்தில் பென்சிலால் 'இதைப் படி, இதை விடு' என்று குறித்திருக்கும். மெத்தில் என்ற சின்ன மூலக்கூறு செய்யும் வேலை அது. குடியும் அந்தக் குறிப்புகளும் சேர்ந்தே மாறுகின்றன. 2018-ல் வந்த ஓர் ஆய்வில் 13,317 பேரின் ரத்தத்தைப் பார்த்து, 144 இடங்களின் குறிப்பை வைத்தே பெருங்குடிகாரர்களைப் பெருமளவு பிரித்துக் காட்டினார்கள். குடித்ததால் வந்த குறிப்பா, குடிக்க வைத்த குறிப்பா என்பது வேறு கேள்வி. அத்தைக்கு இந்த வித்தியாசத்தை எப்படி விளக்குவது?

இன்னொன்றும் உறுத்தியது. அந்த 13,317 பேரில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளி. அடுத்து ஆப்பிரிக்கர், கொஞ்சம் ஹிஸ்பானியர். நம்மவர்களுக்கென்று ஒரு பிரிவே இல்லை. தி.நகரில் மட்டும் சர்வே எடுத்துவிட்டு இந்தியா முழுக்க சோப்பு விற்கக் கிளம்பினால் எங்கள் மார்க்கெட்டிங் சார் விடுவாரா?

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடமே கேட்டேன். "முதல் தடவை குடிச்சப்ப முகம் கிகம் சிவந்துச்சாப்பா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இல்லடா. நல்லா இருந்துச்சு. அதான் வினையே" என்றார். பிறகு, "நீ குடிக்கிறியா?" என்று கேட்டார். அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.