காலையில் போகலாம் என்றிருந்தேன்



திருமறையில் வரும் 'உறைந்த மழை' எப்படியிருக்கும் என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாம் அறிந்தது மார்கழி விடியலின் பனி மட்டுமே. நம்மை அசைத்தவை பெருமழைகளே. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான் மறக்கவியலாத மழை 2023 டிசம்பர் 17 அன்று பெய்தது.

அது திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. கன்மலையின்மேல் வீடு கட்டியவனைக் குறித்துக் காலையில் பிரசங்கித்தேன். மாலையில் மேற்கு மலை மேகத்தில் மறைந்தது, மழை விடவில்லை. மண்சுவர் வீட்டில் தனியாக வசிக்கும் நம் சபைத் தாயார் ஒருவர் நினைவுக்கு வந்தார். குடையை எடுத்தேன், மீண்டும் வைத்துவிட்டேன். இருட்டிவிட்டது, காலையில் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவருக்காக ஜெபித்துவிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் சென்றேன். பின்சுவர் இடிந்து, அவர் படுக்கும் இடத்தில் மண் குவிந்து கிடந்தது. என் கால்கள் நகரவில்லை. "அம்மா இங்கதான் இருக்காங்க ஐயா" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. நம் ஆலயத்திற்கு ஒருநாளும் வந்திராத குடும்பம் அது. இரவிலேயே அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, தங்கள் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். அந்தத் தாயாரோ என்னைக் கண்டதும், "இந்த மழையில நீங்க ஏன் ஐயா சிரமப்பட்டு வந்தீங்க?" என்றார். எந்தக் கடிந்துகொள்ளுதலும் என்னை அவ்வளவு வெட்கப்படுத்தியிருக்காது.

அந்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினார்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் அருகிலுள்ள புதுக்குடி கிராமத்தார். வந்தவர் யார், எவர் என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனை விட்டு விலகிப்போன ஆசாரியனைப் பலமுறை பிரசங்கத்தில் கடிந்திருக்கிறேன். அவனும் ஜெபித்துக்கொண்டே போயிருக்கலாம் என்பது அந்தக் காலையில்தான் எனக்கு விளங்கிற்று. எட்டாத தூரத்தில் இருப்பவருக்காக ஜெபிப்பது நம் கடமை. எட்டும் தூரத்தில் இருப்பவருக்காக ஜெபிப்பதோடு நின்றுவிட்டால், அந்த ஜெபமே நமக்குச் சாக்காகிவிடும். வீடு கட்டிய இருவரும் வார்த்தையைக் கேட்டவர்களே; அதன்படி செய்தவன் ஒருவன்தான். அந்த ஞாயிறன்று கேட்டதோடு நின்றவன், பிரசங்கித்த நானே.

பிரியமானவர்களே, உங்கள் தெருவில் தனியாக இருப்பவர் யார்? மழை தொடங்கினால், இருட்டுமுன் அவர் கதவைத் தட்டுங்கள். அவர் நம் சபையாராய் இருக்க வேண்டுமென்பதில்லை.

ஜெபம்: ஆண்டவரே, நாளைக்கென்று நாங்கள் தள்ளிவைத்த அன்பை மன்னியும். இன்றே எழுந்து போக எங்களுக்குப் பெலன் தாரும். ஆமென்.